தந்தை முழுநேரம் உழைக்கிறார், மகளுக்கு முன்பள்ளி இடமில்லை: இங்கிலாந்தின் இலவச நேர விதிகள் பற்றி ஒரு கேள்வி

கேள்வி
அனுப்பியவர்: கிழக்கு_இலண்டன்_வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதித் தமிழ்ப் பாடசாலையில் சிறுவர் வகுப்புக்கு உதவி செய்பவள் நான். அங்கே பழக்கமான ஒரு குடும்பத்துக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதற்காக, இங்கிலாந்தின் இலவச முன்பள்ளி நேர விதிகளை அண்மையில் முழுமையாக வாசித்தேன். வாசித்தபின் எழுந்த ஐயங்களை இங்கே வைக்கிறேன். நேர்சரிகளிலும் பள்ளிகளிலும் வேலை செய்பவர்கள் இக்குழுவில் இருப்பதால் தெளிவு கிடைக்கும் என்று நம்புகிறேன்.

அந்தக் குடும்பத்தில் தந்தை ஒரு களஞ்சியத்தில் வாரம் 35 மணி நேரம் குறைந்தபட்ச ஊதியத்துக்கு வேலை செய்கிறார். வரி போகக் கைக்கு வருவது ஆண்டுக்கு இருபதாயிரம் பவுணை எட்டவில்லை. தாய் கைக்குழந்தையுடன் வீட்டில் இருந்துகொண்டு ஆங்கிலம் படிக்கிறார். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தரும் யுனிவர்சல் கிரெடிட் உதவியும் கொஞ்சம் வருகிறது. மூத்த மகளுக்கு வரும் ஏப்ரல் நடுப்பகுதியில் மூன்று வயது நிறைகிறது. இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான 15 மணி நேர இலவச இடத்துக்கு விண்ணப்பித்தோம். வருமானம் 15,400 பவுணுக்கு மேல் என்பதால் இடம் இல்லை என்று பதில் வந்துவிட்டது. அதே வீதியில் கணவனும் மனைவியும் நல்ல சம்பளத்தில் கணினித் துறையில் பணிபுரியும் ஒரு குடும்பத்தின் ஒரு வயதுக் குழந்தை வாரம் 30 மணி நேரம் அரசு நிதியில் நேர்சரிக்குப் போகிறது. அவர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. விதி கொடுத்ததை அவர்கள் பெறுகிறார்கள். ஆனால் வீட்டில் ஆங்கிலம் கேட்காத, புத்தகங்கள் அதிகம் இல்லாத, ஒற்றை அறையில் நான்கு பேர் வாழும் ஒரு பிள்ளைக்கு இடம் இல்லை என்று சொல்லும் விதி எந்த நோக்கத்தில் எழுதப்பட்டது என்பது எனக்குப் புரியவில்லை.

என் கேள்விகள் மூன்று. நான் விதியைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறேனா? இந்தக் குடும்பத்துக்கு வேறு ஏதாவது வழி உண்டா? பிள்ளை தாயின் கையில் வளர்கிறாள், இதில் அவளுக்கு என்ன இழப்பு என்று தந்தை கேட்கிறார். அவருக்கு நான் என்ன சொல்வது?

பதில் 1
அனுப்பியவர்: நர்சரி_அலுவலகம்

வணக்கம் அக்கா. நீங்கள் விதியைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறீர்கள். ஒரு நர்சரியின் அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் பார்ப்பது என் வேலை என்பதால், விதி எங்கே பிள்ளைகளைப் பிரிக்கிறது என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் இப்போது மூன்று வகை உரிமைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. முதலாவது, மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் அனைவருக்கும், பெற்றோர் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், எந்த விசாவில் இருந்தாலும், ஆண்டுக்கு 570 மணி நேரம்; அதாவது 38 வாரங்களுக்கு வாரம் 15 மணி நேரம். இரண்டாவது, வறுமையில் உள்ள இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான 15 மணி நேரம். இது 2013 செப்டம்பரில் மிக வறிய ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கென்று தொடங்கி, அடுத்த ஆண்டே ஐந்தில் இரண்டு பங்குக்கு விரிவாக்கப்பட்டது. மூன்றாவது, வேலை செய்யும் பெற்றோருக்கான உரிமை. 2017இல் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு 30 மணி நேரமாக வந்த இந்த உரிமையை, நிதியமைச்சராக இருந்த ஜெரமி ஹன்ட் 2023 மார்ச் வரவு செலவுத் திட்டத்தில் ஒன்பது மாதக் குழந்தைகள்வரை நீட்டிப்பதாக அறிவித்தார். 2024 ஏப்ரலிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்து, 2025 செப்டம்பரில் முழு 30 மணி நேரமானது.

இந்த மூன்றாவது உரிமையைப் பெற, தாய் தந்தை இருவரும் ஒவ்வொருவராக, குறைந்தபட்ச ஊதியத்தில் வாரம் 16 மணி நேரம் உழைத்தால் கிடைக்கும் தொகையையாவது ஈட்ட வேண்டும். 2025-26 நிதியாண்டில் அது வாரத்துக்கு 195 பவுண்டு 36 பென்ஸாக இருந்தது. மேல் வரம்பு ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் பவுண்டு. வரம்பு குடும்பத்துக்கு அல்லாமல் ஆளுக்கு என்று இருப்பதால், இருவரும் தலா 99,000 பவுண்டு ஈட்டும் வீட்டுக்கு 30 மணி நேரம் உண்டு. ஒருவர் மட்டும் 22,000 பவுண்டு ஈட்டும் வீட்டுக்கு இல்லை.

உங்கள் கேள்வியின் மையம் 15,400 என்ற எண்ணில் இருக்கிறது. யுனிவர்சல் கிரெடிட் பெறும் குடும்பங்களுக்கு, வரி போன உழைப்பு வருமானத்தில் இந்த வரம்பு 2018 ஏப்ரலில் வைக்கப்பட்டது. அப்போது குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7 பவுண்டு 83 பென்ஸ். அந்த ஊதியத்தில் ஒருவர் வாரம் 40 மணி நேரம் உழைத்தாலும் வரி போக அவர் கைக்கு வந்தது ஏறத்தாழ 14,500 பவுண்டுதான்; அவருடைய இரண்டு வயதுப் பிள்ளைக்கு இடம் கிடைத்தது. குறைந்தபட்ச ஊதியம் 2025 ஏப்ரலில் 12 பவுண்டு 21 பென்ஸ் ஆகிவிட்டது. வரம்போ அதே 15,400. என் கணக்கின்படி, அந்த ஊதியத்தில் வாரம் 26 மணி நேரத்தைத் தாண்டி உழைக்கும் ஒருவரே வரம்பைக் கடந்துவிடுகிறார். குறைந்தபட்ச ஊதியம் ஏறியது. அந்த ஏற்றமே பிள்ளையின் இடத்தைப் பறித்துக்கொண்டது. இத்தனைக்கும் யாரும் இந்தச் சலுகையைக் குறைக்கிறோம் என்று நாடாளுமன்றத்தில் எழுந்து அறிவிக்க வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. பள்ளி இலவச உணவுக்கும் 2018இல் இதேபோல 7,400 பவுண்டு வரம்பு வைத்தார்கள். 2026 செப்டம்பரிலிருந்து யுனிவர்சல் கிரெடிட் பெறும் எல்லாக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் உணவு உண்டு என்று 2025 ஜூனில் அரசே அறிவித்துவிட்டது. உணவுக்குச் செய்ததை முன்பள்ளிக்கும் செய்ய முடியும் என்பதே என் கருத்து.

இந்த விதிகள் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். 2025 ஜூலையில் பிறந்த மூன்று பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். மூவரும் 2029 செப்டம்பரில் பள்ளியின் முதல் வகுப்பான ரிசெப்ஷனில் சேர்வார்கள். பெற்றோர் இருவரும் வேலை செய்யும் பிள்ளை 2026 செப்டம்பரில் தொடங்கி, ஆண்டுக்கு 1,140 மணி நேரம் வீதம் மூன்று ஆண்டுகளில் 3,420 மணி நேரம் பெறும். 15,400க்குக் கீழே உள்ள வீட்டின் பிள்ளை 2027 செப்டம்பரில் தொடங்கி 1,140 மணி நேரம் பெறும். உங்கள் குடும்பத்தைப் போல வரம்பைச் சற்றே தாண்டிய வீட்டின் பிள்ளை 2028 செப்டம்பரில் தொடங்கி 570 மணி நேரம் மட்டுமே பெறும். ஒரே நாளில் பள்ளி வாசலுக்கு வரும் இரண்டு பிள்ளைகளுக்கிடையே அரசே ஆறு மடங்கு வேறுபாட்டை உண்டாக்கி அனுப்புகிறது.

வழி உண்டா என்று கேட்டீர்கள். மகளுக்கு மாற்றுத்திறனுக்கான டி.எல்.ஏ. உதவித்தொகையோ, சிறப்புக் கல்வித் தேவைக்கான ஈ.எச்.சி. திட்டமோ இருந்தால் வருமானத்தைப் பார்க்காமல் இரண்டு வயதிலேயே இடம் உண்டு. தாயோ தந்தையோ நோயுற்ற ஒருவரைப் பராமரித்து கேரர்ஸ் அலவன்ஸ் பெறுபவராக இருந்து, மற்றவர் வேலையில் இருந்தால், அந்த வீடும் 30 மணி நேரத்துக்குத் தகுதி பெறும். இவை பொருந்தாவிட்டால், தாய்க்கு ஒரு பகுதிநேர வேலை அமைவதுதான் மீதமுள்ள வழி. வேலை அடுத்த 31 நாட்களில் தொடங்குவதாக இருந்தாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். சுயதொழில் என்றால் முதல் 12 மாதங்களுக்குக் குறைந்தபட்ச வருமான நிபந்தனை இல்லை.

பதில் 2
அனுப்பியவர்: வரிப்பணம்_1974

மேலே உள்ள விளக்கத்துக்கு நன்றி. ஆயினும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். 30 மணி நேரத் திட்டத்தை அரசு கல்வித் திட்டமாக முன்வைக்கவே இல்லை; குழந்தை பிறந்தபின் வேலையை விட்டு நிற்கும் தாய்மாரை மீண்டும் வேலைக்குக் கொண்டுவரும் திட்டமாகவே முன்வைத்தது. என் மகள் ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறாள். முதல் குழந்தையின்போது அவளுடைய சம்பளத்தின் பெரும்பகுதி நர்சரிக் கட்டணத்துக்கே போனது. இரண்டாவது குழந்தையின்போது இந்தத் திட்டம் இல்லாமல் இருந்திருந்தால் அவள் வேலையை விட்டிருப்பாள். வீட்டில் ஒரு பெற்றோர் இருக்கும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இல்லை. அரசிடம் உள்ள பணத்துக்கும் எல்லை உண்டு. அந்த நிலையில் வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு முன்னுரிமை கொடுப்பதை அநீதி என்று சொல்லிவிட முடியுமா?

பதில் 3
அனுப்பியவர்: ரிசெப்ஷன்_ஆசிரியை

ஐயா, உங்கள் மகளின் நிலைமை உண்மையானது. அவரைப் போன்ற தாய்மாருக்கு இந்த உதவி தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பராமரிப்பு, கல்வி என்ற இரண்டு தேவைகளையும் ஒரே நிதியிலிருந்து கொடுத்துவிட்டு, அந்த நிதியின் கதவில் பெற்றோரின் சம்பளச் சீட்டை மட்டும் கேட்டால், கல்வி அதிகம் தேவைப்படும் பிள்ளை வெளியே நிற்கும் என்பதே எங்கள் வகுப்பறைகளில் நாங்கள் காண்பது. நிதி ஆய்வுக் கழகமான ஐ.எஃப்.எஸ்., இந்த விரிவாக்கம் யாரைச் சென்றடையும் என்று கணக்கிட்டது. ஆண்டுக்கு 20,000 பவுணுக்குக் குறைவாக ஈட்டும் குடும்பங்களில் ஐந்தில் ஒன்றுக்கே புதிய உரிமை கிடைக்கும். 45,000 பவுணுக்கு மேல் ஈட்டும் குடும்பங்களில் நூற்றுக்கு எண்பதுக்குக் கிடைக்கும்.

நான் ஓர் ஆரம்பப் பாடசாலையில் ரிசெப்ஷன் வகுப்பு எடுக்கிறேன். அந்தத் தந்தையின் கேள்விக்கு நேராகவே பதில் சொல்ல விரும்புகிறேன். தாயின் கையில் வளர்வது எந்தக் குறையும் இல்லை. தமிழில் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு மொழியின் அடித்தளம் வலுவாகவே இருக்கும், ஆகவே வீட்டில் தமிழ் பேசுவதை அவர்கள் ஒருபோதும் நிறுத்த வேண்டாம். ஆனால் ரிசெப்ஷன் வகுப்பின் முடிவில் ஒவ்வொரு பிள்ளையும் 'நல்ல வளர்ச்சி நிலை' என்ற அளவை எட்டியதா என்று நாங்கள் பதிவு செய்ய வேண்டும். அந்த அளவில் ஆங்கிலத்தில் கேட்டுப் புரிந்துகொள்வதும், பேசுவதும், சொற்களை வாசிப்பதும், மற்றப் பிள்ளைகளோடு முறைவைத்து விளையாடுவதும் அடங்கும். 2024 முடிவுகளில், வறிய குடும்பம் என்பதால் இலவச உணவுக்குத் தகுதி பெறும் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேரே அதை எட்டினார்கள். மற்றப் பிள்ளைகளில் பத்தில் ஏழு பேர் எட்டினார்கள். ஐந்து வயதில் இருக்கும் இந்த இடைவெளி பள்ளி இறுதித் தேர்வுவரை கூடவே வருகிறது.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். 1997இல் தொடங்கி ஏறத்தாழ 3,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஈ.பி.பி.இ. என்ற ஆய்வு, ஆக்ஸ்ஃபோர்டின் கேத்தி சில்வாவும் அவருடைய குழுவினரும் நடத்தியது. முழு நாள் போகும் பிள்ளைக்கு அரை நாள் போகும் பிள்ளையைவிடக் கூடுதல் பயன் இருப்பதாக அந்த ஆய்வு காணவில்லை. அது கண்ட பயன், சீக்கிரமாக, அதாவது இரண்டு வயதுக்குப் பின் எத்தனை மாதங்கள் முன்பள்ளியில் இருந்தார்கள் என்பதிலும், அந்த முன்பள்ளியின் தரத்திலும் இருந்தது. வறிய பிள்ளைகள், வேறு வேறு பின்னணியிலிருந்து வரும் பிள்ளைகளோடு கலந்து படிக்கும் இடங்களில் கூடுதலாக முன்னேறினார்கள் என்பதும் அதன் முடிவு.

ஆகவே 15க்கும் 30க்கும் இடையிலான வேறுபாட்டைப் பற்றி நாம் கொள்ளும் கோபத்தில் ஒரு பகுதியை வேறு இடத்துக்குத் திருப்ப வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் குடும்பத்தின் மகளுக்கு 30 மணி நேரம் கிடைக்காததைவிடப் பெரிய இழப்பு, இரண்டு வயதில் ஒரு மணி நேரமும் கிடைக்காததுதான். இரண்டு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் பிள்ளை சொற்களை அள்ளிச் சேர்க்கிறது. அந்த ஓர் ஆண்டில் காலை மூன்று மணி நேரம், நல்ல பயிற்சி பெற்ற ஒருவர், பிள்ளையின் கண்ணைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தால், செப்டம்பரில் என் வகுப்புக்கு வரும்போது அந்தப் பிள்ளை வாய் திறந்து தண்ணீர் கேட்கும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கும். அது இல்லாமல் வரும் பிள்ளை முதல் பருவம் முழுவதும் மேசையின் கீழ் ஒதுங்கியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அறிவில் எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகள் அவர்கள்.

1998இல் அறிவிக்கப்பட்ட ஷூர் ஸ்டார்ட் மையங்களைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். வறிய பகுதிகளில் தொடங்கிய அம்மையங்கள், ஒரே கூரையின் கீழ் தாய்சேய் நலம், பெற்றோருக்கான வகுப்பு, விளையாட்டு, முன்பள்ளி எல்லாவற்றையும் வேலை நிபந்தனை இல்லாமல் கொடுத்தன. அத்தகைய மையத்துக்கு அருகில் வளர்ந்த, இலவச உணவு பெறும் நிலையில் இருந்த பிள்ளைகள் பதினாறு வயதில் ஜி.சி.எஸ்.இ. தேர்வில் மொத்தமாக மூன்று தரநிலை உயர்வாகப் பெற்றார்கள் என்று ஐ.எஃப்.எஸ். 2024இல் கண்டறிந்தது. அதன் நிதி 2010க்குப் பின் மூன்றில் இரண்டு பங்கு வெட்டப்பட்டது. ஒருபுறம் இந்த மையங்கள் மூடப்பட, மறுபுறம் வேலை செய்யும் பெற்றோருக்கான மணி நேரங்கள் பெருகின. ஐயா சொல்வதுபோல் பணத்துக்கு எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் பணம் எந்தப் பிள்ளைகளிடமிருந்து எந்தப் பிள்ளைகளிடம் நகர்ந்தது என்பதுதான் என் மனதை வருத்துகிறது.

பதில் 4
அனுப்பியவர்: சிறு_நர்சரி_நடத்துநர்

வறிய பகுதி ஒன்றில் சிறிய நர்சரி நடத்துகிறேன். தகுதி பெற்றுவிட்டால் இடம் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், நடப்பது வேறு.

2025-26இல் அரசு உள்ளூராட்சி மன்றங்களான கவுன்சில்களுக்குத் தந்த தேசியச் சராசரித் தொகை, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மணிக்கு 11 பவுண்டு 54 பென்ஸ், இரண்டு வயதுப் பிள்ளைக்கு 8 பவுண்டு 53 பென்ஸ், மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு 6 பவுண்டு 12 பென்ஸ். கவுன்சில் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகே எங்களுக்கு வரும். வசதியான பகுதியில் உள்ள நர்சரி, இந்தத் தொகை போதாத இடத்தை, பெற்றோர் கூடுதலாக வாங்கும் மணி நேரங்களின் கட்டணத்தால் நிரப்பிக்கொள்கிறது. என் நர்சரியில் கூடுதல் மணி நேரம் வாங்கும் பெற்றோர் மிகக் குறைவு; அரசு தருவதே வருமானம், அதிலேயே சம்பளமும் வாடகையும். இதனால்தான் இடம் அதிகம் தேவைப்படும் பகுதிகளில் புதிய நர்சரிகள் திறக்கத் தயங்குகிறார்கள்.

அடுத்தது கால அட்டவணை. முப்பது மணி நேரம் வரும் பிள்ளை ஓர் இடத்தைக் காலை முதல் மாலைவரை நிரப்புகிறது. பதினைந்து மணி நேரப் பிள்ளை காலையில் மட்டும் வந்தால், பிற்பகலுக்கு இன்னொரு பதினைந்து மணி நேரப் பிள்ளை கிடைத்தால்தான் கணக்குச் சரியாகும். இரண்டு வயதுப் பிள்ளைகள் ஐவருக்கு ஒரு ஊழியர் என்பது விதி. அரை நாள் காலியான இடத்துக்கும் அந்த ஊழியரின் சம்பளத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். முப்பது மணி நேரம் ஒன்பது மாதக் குழந்தைகள்வரை வந்தபின், காத்திருப்போர் பட்டியலில் முழு நாள் கேட்கும் குடும்பங்கள் பெருகிவிட்டன. வறிய வீட்டின் இரண்டு வயதுப் பிள்ளையை ஒதுக்க வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் நிதி விதி அந்தப் பிள்ளைக்கு இடம் கொடுப்பவரைத் தண்டிக்கிறது, முழு நாள் பிள்ளைக்கு இடம் கொடுப்பவரைக் காப்பாற்றுகிறது.

வறிய பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு தொகை இருப்பதையும் சொல்ல வேண்டும். ஏர்லி இயர்ஸ் ப்யூபில் ப்ரீமியம் என்ற அந்தத் தொகை 2015இல் மணிக்கு 53 பென்ஸாகத் தொடங்கி, 2025 ஏப்ரலில் ஒரு பவுண்டு ஆனது. 2025-26இல் அது ஆண்டுக்கு அதிகபட்சம் 570 பவுண்டு. அதே பிள்ளை ஆரம்பப் பள்ளிக்குப் போனதும் பள்ளிக்கு அந்த ஆண்டில் கிடைத்த தொகை 1,515 பவுண்டு. இடைவெளி உருவாகும் வயதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிய தொகை, இடைவெளி உறுதியான பிறகு முழுத் தொகை. எனக்கு ஒரு மாற்றத்தைக் கேட்கும் வாய்ப்பு இருந்தால் இந்த வரிசையை மாற்றத்தான் கேட்பேன். ஒரு பேச்சுப் பயிற்சியாளரை வாரம் ஒரு நாள் அமர்த்த அந்தப் பணம் போதும்.

இன்னொன்று, அக்கா. இலவச நேரத்துக்கு உணவு, டயப்பர், சூரியக் களிம்பு என்று நர்சரிகள் கேட்கும் கூடுதல் தொகை கட்டாயமாக இருக்கக்கூடாது என்பது அரசின் வழிகாட்டு விதி. வீட்டிலிருந்து உணவு கொடுத்தனுப்ப அனுமதி கேட்கலாம். பணம் கட்ட முடியாது என்று வெட்கப்பட்டு இடத்தையே விட்டுவிடும் குடும்பங்கள் இருக்கின்றன. தயவுசெய்து அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

பதில் 5
அனுப்பியவர்: செவிலியர்_குடும்பம்

விசா நிபந்தனையால் வெளியே நிற்கும் குடும்பங்களைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்நாட்டிலிருந்து மருத்துவப் பணி விசாவில் வந்த எங்களைப் போன்ற பலருக்கு, பொது நிதி பெற உரிமையில்லை என்ற முத்திரை விசாவிலேயே உண்டு. கணவன் மனைவி இருவருக்கும் அந்த நிபந்தனை இருந்தால், இருவரும் முழுநேரம் உழைத்து வரி கட்டினாலும் 30 மணி நேரம் கிடையாது. ஒருவருக்காவது அந்த நிபந்தனை இல்லாமல் இருக்க வேண்டும். ஆனால் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான 15 மணி நேரம் நமக்கும் உண்டு என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. அதற்கான ஆண்டு வருமான வரம்பு, இலண்டனில் ஒரு பிள்ளை உள்ள வீட்டுக்கு வரி போக 34,500 பவுண்டு, இரண்டோ அதற்கு மேலோ என்றால் 38,600 பவுண்டு. இலண்டனுக்கு வெளியே முறையே 26,500, 30,600 பவுண்டு. சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டக்கூடாது. புகலிடம் கோரி அரசு உதவியில் வாழும் குடும்பங்களின் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. இவற்றைப் பெறுவதால் விசாவுக்குப் பாதிப்பு வருமோ என்ற அச்சத்தில் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. முன்பள்ளி நேரம் அந்த நிபந்தனை குறிக்கும் பொது நிதியில் சேராது, அச்சமின்றி விண்ணப்பிக்கலாம்.

பதில் 6
அனுப்பியவர்: கிளாஸ்கோ_தமிழர்

எல்லை கடந்து ஸ்காட்லாந்துக்கு வந்தால் இந்த விவாதத்தின் பெரும்பகுதி தேவையற்றுப் போகிறது. இங்கே 2021 ஆகஸ்ட் முதல் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் அனைவருக்கும், தகுதி பெறும் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு 1,140 மணி நேரம். பெற்றோர் வேலை செய்கிறார்களா என்று யாரும் கேட்பதில்லை. வரிப்பணம்_1974 ஐயாவுக்கு ஒரு பணிவான கருத்து: ஒன்பது மாதக் குழந்தைக்கு இங்கிலாந்தில் உள்ள அளவு உதவி ஸ்காட்லாந்தில் இல்லை என்பதால், உங்கள் மகளைப் போன்ற தாய்மார் இங்கே கூடுதல் செலவு செய்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று வயதில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில், ஒரே நேரம் இருக்கிறார்கள். களஞ்சியத் தொழிலாளியின் மகளும் மருத்துவரின் மகனும் மதிய உணவை ஒன்றாக உண்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவிலும் இதே சிக்கல் இருந்தது. 2018இல் வந்த மானிய முறை, பெற்றோர் இரண்டு வாரத்தில் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்பதை வைத்தே பிள்ளையின் நேரத்தை அளந்தது. அந்த அளவுகோலைத் தளர்த்தி, 2026 ஜனவரி முதல் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மானியத்துக்குத் தகுதியுள்ள குடும்பங்களுக்கு வாரம் மூன்று நாட்கள் உறுதி என்று சட்டம் இயற்றினார்கள். விதி எழுதியவர்களே விதியை மாற்ற முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பதில் 7
அனுப்பியவர்: கிழக்கு_இலண்டன்_வாசகி

அனைவருக்கும் நன்றி. ரிசெப்ஷன்_ஆசிரியை எழுதியதை அந்தத் தந்தைக்கு வாசித்துக் காட்டினேன். தண்ணீர் கேட்கும் பிள்ளையைப் பற்றிய வரியில் அவர் வாசிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். இப்போது மகளை அனுப்ப வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறார். ஏப்ரலில் மூன்று வயது நிறைந்ததும் உடனே தொடங்க முடியுமா? தாயும் காலை நேரச் சுத்திகரிப்பு வேலை ஒன்றைத் தேட நினைக்கிறார்; எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும்?

பதில் 8
அனுப்பியவர்: நர்சரி_அலுவலகம்

அக்கா, ஏப்ரலில் தொடங்க முடியாது. வயது நிறைந்த நாளில் உரிமை தொடங்குவதில்லை. அடுத்த பள்ளிப் பருவத்தின் முதல் நாளில்தான் தொடங்கும். மார்ச் 31க்குள் மூன்று நிறைந்திருந்தால் ஏப்ரல் 1 முதல் கிடைத்திருக்கும். ஏப்ரல் நடுவில் நிறைவதால் செப்டம்பர் 1வரை காத்திருக்க வேண்டும். வசதியுள்ள குடும்பம் இந்த நான்கரை மாதத்தைத் தன் பணத்தால் கடந்துவிடும், இவர்களால் முடியாது. இதுவும் மாற்றப்பட வேண்டிய விதி என்றே நான் கருதுகிறேன்.

இப்போதே செய்ய வேண்டியது, வீட்டுக்கு அருகிலுள்ள ஆரம்பப் பள்ளியின் நர்சரி வகுப்புக்கும், உங்கள் கவுன்சிலில் அரசு நர்சரிப் பள்ளி இருந்தால் அதற்கும் பெயர் கொடுப்பது. அத்தகைய நர்சரிப் பள்ளிகள் நாடு முழுவதும் நானூறுக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கின்றன. அவற்றில் தகுதி பெற்ற ஆசிரியரும் தலைமையாசிரியரும் சட்டப்படி இருக்க வேண்டும் என்பதால், ஆசிரியை சொன்ன தரம் அங்கே கிடைக்கும். அதுவரை, கவுன்சிலின் குடும்ப மையத்தில் நடக்கும் இலவச விளையாட்டுக் குழுவுக்குத் தாய் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துச் செல்லலாம். இரண்டரை வயதை ஒட்டி, குழந்தை நலச் செவிலியரான ஹெல்த் விசிட்டர் செய்யும் வளர்ச்சிப் பரிசோதனை நடந்ததா என்றும் கேளுங்கள். நடக்கவில்லை என்றால் இப்போது கேட்டுப் பெறலாம்.

தாய்க்கு வேலை கிடைத்தால், 30 மணி நேரத்துக்கான குறியீட்டு எண்ணை அரசின் இணையதளத்தில் ஆகஸ்ட் 31க்குள் பெற்றுவிட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் ஜனவரிவரை 15 மணி நேரம்தான். வார வருமான வரம்பு ஒவ்வொரு ஏப்ரலிலும் குறைந்தபட்ச ஊதியத்தோடு உயரும் என்பதால், வேலைக்குச் சேரும் நாளில் உள்ள தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணை மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுதிப்படுத்த வேண்டும். அந்த நினைவூட்டல் ஆங்கிலத்தில் வரும், ஆகவே நீங்கள் உடனிருந்து உதவினால் நல்லது. இருவரும் வேலையில் இருக்கும்போது, இலவச நேரத்துக்கு மேல் வரும் நர்சரிக் கட்டணத்தில் நூற்றுக்கு 85 வரை யுனிவர்சல் கிரெடிட்டில் திரும்பப் பெறலாம். அதற்கு 16 மணி நேர நிபந்தனை இல்லை. கைக்குழந்தைக்கும் ஒன்பது மாதம் நிறைந்தபின் வரும் பருவத்திலிருந்து இதே எண்முறை பொருந்தும். இரண்டு பிள்ளைகளுக்கும் தனித்தனி எண் எடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் சிக்கல் வந்தால் இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.